‘சரியாகிவிடும்’ என்று சொல்லாதவர்

பிள்ளைகளே, நமக்கு நல்லது செய்த ஒருவர்மேல் கோபம் இருக்குமா? எனக்கு இருக்கிறது. சேலத்தில் இருந்த ஒரு டாக்டரம்மா மேல். அவரைக் கடைசியாகப் பார்த்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அவர் முகம் ஞாபகத்துக்கு வந்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் குழந்தைகளுக்கான மனநல டாக்டர். அதைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். பல்லுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் இருப்பதுபோல, பிள்ளைகளுடைய பயம், கோபம், தூக்கம் இவற்றைப் பார்க்கவும் டாக்டர் உண்டு. இது எனக்கே அப்போதுதான் தெரியும். என் மைத்துனன்கூட, “ஏம் மாமா, புள்ளைய அந்த மாதிரி டாக்டர்கிட்டயா கூட்டிட்டுப் போறீங்க? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?” என்று கேட்டான். “நீ பேசாம இருந்தாப் போதும், ஊரு பேசாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

என் மகள் தர்ஷினி அப்போது மூன்றாம் வகுப்பு. நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் நான் சூப்பர்வைசர். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு வீடு. அந்த வருடம் அவள் இரவில் தூங்குவதையே விட்டுவிட்டாள். படுப்பாள், கண்ணை மூட மாட்டாள். விடியும் நேரத்தில் அசந்துவிடுவாள். பகலெல்லாம் வகுப்பில் தூங்கி விழுவாள். ஒருநாள் பள்ளி வேனில் தூங்கிப்போய், எங்கள் ஊரில் இறங்காமல், வேன் நிறுத்துகிற இடத்துக்கே போய்விட்டாள். கதவைப் பூட்டப் போன டிரைவர் கடைசி சீட்டில் தலைமுடியைப் பார்த்ததால் தப்பித்தாள். வெயில் காலம். பார்க்காமல் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாளே ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “தூக்கத்தச் சரிபண்ணிட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் ஊட்டுலயே இருக்கட்டும். எனக்கும் பயமா இருக்குதுங்க.”

தர்ஷினிக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வேன் போவதைப் பார்ப்பாள். அந்த வேனில் அவளை மறுபடி ஏற்ற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கயிறு கட்டினோம். மந்திரித்தோம். பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுத்தோம். மெடிக்கல் கடைக்காரர் ஒருவர், “குடிச்சா அசந்து தூங்கும்” என்று ஒரு சளி மருந்தைக் கொடுத்தார். அதில் பகலில்தான் தூங்கினாள். அதன் பிறகுதான் சேலம்.

முதல் தடவை உள்ளே போனபோது டாக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் திரும்பப் பார்த்தோம். “உள்ள வாங்க” என்று தரையோரத்திலிருந்து சத்தம் வந்தது. பால்வாடியில் போடுவதுபோன்ற குட்டை ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதோரம் நரை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர். எப்போது போனாலும் அந்தத் தண்ணீரை ஊதிக்கொண்டேதான் இருப்பார், குடித்து நான் பார்த்ததில்லை.

என்னையும் என் மனைவி சரசுவையும் அவர் பார்க்கவே இல்லை. தர்ஷினியைப் பார்த்து, “உனக்கு என்ன வேணும், சொல்லு?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்கப்பாதான் கூட்டியாந்தாரு.”

“புள்ள ராத்திரியில தூங்க மாட்டேங்குதுங்க டாக்டரம்மா...” என்று ஆரம்பித்தேன்.

“உங்ககிட்ட அப்புறம் வர்றேங்க” என்று கையைக் காட்டினார்.

அப்புறம் வந்தார். வந்தார் என்றால், கேள்வியாக வந்தார். எப்போது படுக்கிறாள், எங்கே, யார் பக்கத்தில்? குறட்டை விடுகிறாளா? வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுகிறாளா? படுத்ததும் கால் குடைகிறது என்கிறாளா? டீ, காபி உண்டா? செல்போன் எவ்வளவு நேரம்? பகலில் எத்தனை தூக்கம்? திடுக்கென்று எழுந்து அலறுவாளா, நடப்பாளா? சின்னக் குழந்தையில் எப்படித் தூங்கினாள்? பள்ளிக்கூடத்தில் யாராவது அடிக்கிறார்களா? வீட்டில் நீங்கள் இரண்டுபேரும் சண்டை போடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு நானும் சரசுவும் ஒரே நேரத்தில் “இல்லீங்க” என்றோம். தர்ஷினி சிரித்துவிட்டாள்.

டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். எடை, உயரம் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். சளி மருந்து கதையைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் ஏறியது. “சளி இல்லாத புள்ளைக்குச் சளி மருந்தா? தூங்க வைக்கிறதும் தூங்குறதும் ஒண்ணாங்க? மிச்சம் இருந்தா இன்னைக்கே தூக்கிப் போடுங்க.”

“அப்ப நீங்க நல்ல மருந்தா ஒண்ணு எழுதிக் குடுங்க.”

“பாக்கலாம்.”

“எப்பங்க சரியாகும்?”

“பாக்கலாம்.”

பிள்ளைகளே, அந்தச் சொல்லை நான் அன்றைக்குத்தான் வெறுக்கத் தொடங்கினேன். வாழப்பாடிப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. நீட்டாமல், இழுக்காமல், கதவைச் சாத்துவதுபோலச் சொல்வார். எங்கள் பக்கத்தில் எந்த டாக்டரும் தோளைத் தட்டி, ‘எல்லாம் சரியாயிரும், போய்ட்டு வாங்க’ என்பார். பாதி நோய் அதிலேயே போய்விடும். இவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்க முடியவில்லை. கையில் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் அவள் படுத்ததும் எழுந்ததும் குறித்துவரச் சொன்னார். நாங்கள் பஸ் ஏறிய பிறகும் சரசு பையைத் திறந்து திறந்து பார்த்தாள், மருந்துச் சீட்டு எங்காவது மாட்டியிருக்கிறதா என்று.

காத்திருக்கும் இடத்திலும் அவரைப் பற்றி இதே பேச்சுத்தான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து முகம் சிவக்க வந்தார். பின்னால் அவர் பையன், ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு படிக்கிறவன். “ராத்திரி படிக்கறப்பத் தூக்கம் வராம இருக்க மருந்து கேட்டு வந்தனுங்க. பையன மொதல்ல தூங்க உடுங்கன்னு சொல்லுது அந்தம்மா!” என்று எல்லோரிடமும் முறையிட்டார். பையன் சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை அந்தக் கட்டத்தாளை நீட்டினேன். டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். “எல்லாம் ஒரே பேனா, ஒரே கிறுக்கல். பஸ்ஸுலயே எழுதினீங்களா?”

“ராசிபுரம் தாண்டித்தானுங்க எழுதுனோம்” என்று சரசு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவர் திட்டவில்லை. புதிதாக ஒரு தாள் கொடுத்தார். “இதத் தர்ஷினி பாத்துக்கட்டும். தூங்குன நேரத்துக்குக் கலர் அடிப்பா.” இரண்டு பஸ் மாறி வந்ததற்கு மறுபடியும் ஒரு தாள். ரத்தத்தில் குறை ஒன்றுமில்லை என்றார். தொண்டையும் நன்றாக இருக்கிறது என்றார். நல்லது சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாம் நன்றாக இருந்தால் என் பிள்ளை ஏன் வாசலில் நின்று வேனைப் பார்க்கிறாள்?

மூன்றாவது தடவை நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தர்ஷினியோடு வெகுநேரம் தனியாகப் பேசினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தூங்காத பிள்ளைக்கு என்ன சிரிப்பு வைத்தியம் என்று எனக்குக் கடுகடுப்பு. கூப்பிட்டபோது அவர் கையில் ஒரு படம் இருந்தது. நீ படுக்கும் இடத்தை வரைந்து காட்டு என்று கேட்டிருக்கிறார். கட்டில், அம்மா, ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அதை மட்டும் அவள் அழுத்தி அழுத்தி வரைந்திருந்தாள்.

“இது என்னங்க?” என்றார்.

“நிலாவா இருக்குமுங்க.”

“நிலா இல்லப்பா. செட்டு லைட்டு” என்றாள் தர்ஷினி.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “உங்க பண்ணையில கோழிய எப்படி வெச்சிருக்கீங்க?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்றாவது தடவை வந்திருக்கிறேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தம்மா கோழி வளர்ப்புக் கேட்கிறார். “கோழிக்கெல்லாம் நல்லா தூக்கம் வருதுங்க” என்றேன் கடுப்பாக.

“சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். செட்டு என்று நாங்கள் சொல்வது நாலு பக்கமும் அடைத்த கோழிக் கொட்டகை. பெரிய மின்விசிறிகள் காற்றை இழுக்கும். கரண்ட் போனால் விசிறி நிற்கும். உடனே ஜெனரேட்டரைப் போடவில்லை என்றால் அத்தனை கோழியும் புழுங்கிச் செத்துவிடும். கரண்ட் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கொட்டகைக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். கரண்ட் போனால் சைரன் அடிக்க வேண்டும். ஆனால் சைரன் கெட்டுப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. முதலாளி மெக்கானிக்கை வரச் சொல்கிறேன், வரச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

“கரண்ட் போனா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊட்டு ஃபேன் நின்னா முழிப்பு வந்துருமுங்க. ஒருக்கா எனக்கு வரல. இவதான் எழுப்பி உட்டா. கோழி பொழச்சுது” என்று பெருமையாகச் சொன்னேன். “மறுநா முதலாளி எல்லாருக்கும் முன்னால இவளுக்கு மிட்டாய் குடுத்து, ‘இனிமே எங்க நைட் வாட்ச்மேன் நீதாங் கண்ணு’ன்னாருங்க. அப்ப இருந்து பண்ணையில இவ பேரே வாட்ச்மேன்தான்.”

சொல்லி முடித்தேன். சரசு என் கையைப் பிடித்தாள்.

டாக்டரம்மா தர்ஷினியிடம் கேட்டார். “அந்த லைட்டு அணைஞ்சா?”

“அப்பாவ எழுப்போணும். இல்லீனா கோழி செத்துப்போயிரும்.”

“நீ தூங்கிட்டா?”

“அதான் தூங்கறதில்ல.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கணக்குக்கு விடை சொல்வதுபோல.

சரி, கண்டுபிடித்தாயிற்று, இனி மருந்து என்று நினைத்தேன். “நீ வேல பாக்க வேண்டாஞ் சாமி, தூங்கு” என்றேன் அவளிடம்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். “அது செல்லாதுங்க. கோழிய அப்புறம் யார் பாத்துக்குவாங்கன்னு அவளுக்குப் பதில் வேணும். நெசமான பதில். சைரனச் சரிபண்ணுங்க. அவ கண்ணுக்கு முன்னால அடிச்சுக் காட்டுங்க, பகல்ல. அப்புறம், இந்த வேலைய யாரு குடுத்தா?”

“முதலாளிங்க.”

“அப்ப அவர்தான் நிறுத்தணும்.”

“ஏனுங்க, சைரன் மாட்டறதுக்கு நான் கோழி டாக்டர்கிட்டயே போயிருப்பேனுங்களே!”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டும் மருந்து எழுதவில்லை.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? “ஏப்பா, புள்ளைக்கு மருந்து வாங்கப் போயிட்டு, எனக்கு மருந்து எழுதி வாங்கிட்டு வந்திருக்கற?” நாளைக்கு என்றார். பிறகு அடுத்த வாரம் என்றார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். சரசு நிற்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே போனாள். “முதலாளி, விளையாட்டுக்குச் சொன்னீங்க, அவ வெளையாட்டா எடுத்துக்கல. மூணாவது படிக்கற புள்ள உங்க கோழிக்குக் காவல் இருக்குதுங்க. கூலி வேண்டாம், வேலைய நிறுத்துங்க போதும்.” முதலாளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. மெக்கானிக் அந்த வாரமே வந்தார்.

ஒரு மத்தியானம் எல்லோரும் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். மெயின் சுவிட்சை நிறுத்தினோம். சிவப்பு விளக்கு அணைந்தது. சைரன் ஊரைக் கூட்டியது. கோழிகள் கத்தின. நான் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டேன். முதலாளி குனிந்து, “கண்ணு, இன்னையோட உனக்கு நைட் டூட்டி முடிஞ்சுது. நீ நிம்மதியாத் தூங்கு” என்றார். கைதட்டினோம்.

தர்ஷினி ஓவென்று அழுதாள். “நான் என்ன தப்புப் பண்ணுனேன்? என்னைய எதுக்கு நிறுத்தறீங்க?”

அன்று ராத்திரியும் தூங்கவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த தடவை சேலம் போனதும், “நீங்க சொன்னதத்தானுங்க செஞ்சோம்” என்று கத்தியேவிட்டேன்.

டாக்டரம்மா தண்ணீரை ஊதினார். “பதவியப் புடுங்கினா யாருக்கும் அழுகை வரும். உங்க பண்ணையில ராத்திரி ஆள நிறுத்தணும்னா என்ன செய்வீங்க?”

“பகல் ஷிஃப்டுக்கு மாத்துவோம்.”

“மாத்துங்க. காலையில எழுந்ததும் வெயில்ல செய்யற மாதிரி சின்ன வேலை. பள்ளிக்கூடம் போற நாளா, ஞாயித்துக்கிழமையான்னு பாக்காம ஒரே நேரத்துல எழுந்திருக்கணும்.” அதன் பிறகு சொன்னதுதான் உச்சம். “ராத்திரி இப்ப படுக்க வைக்கிறதவிட லேட்டாப் படுக்க வைங்க.”

“தூங்காத புள்ளைய லேட்டாவா?”

“சீக்கிரம் படுத்தா முழிச்சுட்டுக் கெடக்கா. படுக்கைன்னா முழிக்கற எடம்னு ஒடம்பு பழகிடுச்சு. நல்லாத் தூக்கம் சொக்கட்டும், அப்பப் படுக்கட்டும். படுத்ததும் தூங்கப் பழகுன பிறகு, கொஞ்சங் கொஞ்சமா முன்னால கொண்டு வரலாம். போன் வேண்டாம். கட்டில ஜன்னல்ல இருந்து தள்ளிப் போடுங்க. மொதல்ல பக்கத்துல உக்காருங்க, அப்புறம் கதவுகிட்ட, அப்புறம் வெளிய.”

“இதெல்லாம் செஞ்சா சரியாயிருமுங்களா?”

என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பகல் டூட்டி கொடுத்தோம். தண்ணீர்த் தொட்டியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் குழாய் உண்டு. காலையில் அதைப் பார்த்துவந்து என்னிடம் சொல்வது அவள் வேலை. முதல் நாள் உர்ரென்று போனாள். பிறகு, “முக்காத் தொட்டிதான் இருக்குது, மோட்டாரப் போடுங்க சூப்பர்வைசரே” என்று அதட்டத் தொடங்கினாள். ராத்திரி பாடுதான் பெரும்பாடு. கண் சொக்கும்வரை அவளோடு கதை பேசி உட்கார்ந்திருப்பதற்குள் எனக்குத்தான் முதலில் சொக்கும். நாலு நாள் நன்றாகத் தூங்குவாள். ஐந்தாம் நாள் காற்றடித்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவாள். இற்றுப்போன துணியைத் தைப்பதுபோல ஒரு பக்கம் சேர்த்தால் இன்னொரு பக்கம் பிரிந்தது. பொறுமை போய் நான் கத்திய நாளும் உண்டு.

ஆனாலும் அவள் கட்டத்தாளில் கலர் நீண்டுகொண்டே வந்தது. ஒருநாள் ஹெட்மாஸ்டர் ‘சரி, அனுப்புங்க’ என்று தலையை ஆட்டினார். வேன் எங்கள் வாசலில் நின்றது. ஏறும்போது டிரைவர், “வாங்க வாட்ச்மேன்” என்றார். “நான் இப்ப பகல் ஷிஃப்டு” என்றாள்.

சந்தோஷத்தில் ஒரு ட்ரே முட்டையோடு சேலம் போனேன். டாக்டரம்மா வாங்கிக்கொள்ளவில்லை. “இங்க யாருகிட்டயும் எதுவும் வாங்கறதில்லைங்க” என்றார். சரி, போகட்டும். இன்றைக்காவது அந்த வார்த்தையைச் சொல்லட்டும் என்று நேராகவே கேட்டேன்.

“புள்ள பள்ளிக்கூடம் போறாளுங்க. தூங்கறாளுங்க. சரியாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டரம்மா.”

“மழைக்காலம் வரட்டும். காத்தும் இடியுமா கரண்ட் போகட்டும். பாக்கலாம்.”

“இன்னும் என்னத்தப் பாக்கறதுங்க!”

“நான் சரியாயிடுச்சுன்னு சொல்லி, அன்னைக்கு ராத்திரி அவ முழிச்சுக்கிட்டா, தப்பு தன்மேலன்னு நெனைச்சுக்குவாளேங்க. ஏற்கெனவே ஒரு பண்ணைக் கோழியச் சுமந்தவ அவ.”

எரிச்சலோடு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, சேலத்துல இருந்து நாமக்கல்லுக்கே முட்டை கொண்டு போறீங்களா?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

பிள்ளைகளே, உங்களில் யாராவது எதற்காகவோ ராத்திரியில் காவல் இருக்கலாம். அப்பா வரும்வரை, அம்மாவுக்கு இருமல் நிற்கும்வரை, வீட்டில் சண்டை ஓயும்வரை. உங்களுக்கு யார் அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டிருப்போம். எங்களுக்குக் கேட்கத் தெரியாது.

ஐப்பசியில் ஒருநாள் பெரிய காற்று. கரண்ட் போய், சைரன் அலறியது. நான் எழுந்து ஓடினேன். ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். இவள் உட்கார்ந்துதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். தர்ஷினி புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்காமல், “அப்பா, சைரன் அடிக்குது” என்றாள். அதோடு மறுபடி தூங்கிவிட்டாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சரசுவிடம் சொன்னேன். போதவில்லை. விடிந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள்.

போனை வைத்தேன். சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? தண்ணீரை ஊதிக்கொண்டே, “அடுத்த காத்துக்கும் பாக்கலாம்” என்றிருப்பார். அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் இப்போது என் கோபம்.